முனை முடிச்சு

"அத எதுக்கு இங்க எறக்குற?"

எரிக் இப்படிக் கேட்டபோது முகேஷ் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். லிங்கராஜபுரத்தின் அந்தக் குறுக்குத் தெருவை அடைத்துப் போட்டிருந்த ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டுக்கு மாலை வரும், தண்ணீர் கேன் வரும், வாடகை நாற்காலி வரும். பச்சையும் ஆரஞ்சுமாகக் கயிறு வந்து அவர்கள் பார்த்ததில்லை.

"லீனாக்கா சொன்னாங்கண்ணா," என்றான் முகேஷ்.

"என்னா சொன்னா?"

"கல்லறைத் தோட்டத்துக் கயிறு வேணாம்னாங்க. என் பெட்டிய நம்ம கயித்துலயே எறக்கிடுன்னாங்க."

நம்ம கயிறு. அந்த வார்த்தை எரிக்கின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த வீட்டில் நம்ம கரண்ட் பில் உண்டு, நம்ம வாஷிங் மெஷின் உண்டு, நம்ம வீணா உண்டு. நம்ம கயிறு என்று ஒன்று இருந்ததே இல்லை.

"எப்போ சொன்னா?"

"போன வாரம், ஆஸ்பத்திரில. நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க."

அந்த மருந்துக் கடை வரிசை எரிக்குக்கு நன்றாக நினைவிருந்தது. கால் கடுக்க நின்று வாங்கிக்கொண்டு மேலே போனபோது, முகேஷ் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கணையத்தில் வந்த கட்டி லீனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்த அந்த மாதங்களில் எரிக் எத்தனையோ தடவை பெண்டாட்டியிடம் பேச்சை ஆரம்பித்துப் பார்த்தான். 'அப்புறம் பேசலாம்' என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த அப்புறம் அவனுக்கு வரவேயில்லை. முகேஷுக்கு வந்திருக்கிறது.

"எங்க வீட்டு ஆளுங்க எறக்குவாங்க. நீ அத உள்ள வை."

"சரிண்ணா," என்று முகேஷ் கயிறுகளைத் திரும்ப ஜீப்புக்குள் வைத்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எரிக்குக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடங்கிப் போகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

லீனா கயிறு கேட்டதற்குக் காரணம் இருந்தது, அது எரிக்குக்கும் தெரியும். அவள் அப்பாவைப் புதைத்த அன்று, குழியில் இறக்கும்போது ஒரு பக்கக் கயிறு நழுவிவிட்டது. பெட்டி தலைகீழாகச் சாய்ந்து, உள்ளே அவர் உடம்பு சரிந்து முட்டிய சத்தம் வெளியே கேட்டது. மற்ற எல்லாரும் அழுதார்கள். லீனா அழவில்லை, கோபப்பட்டாள். வீட்டுக்கு வந்து பல நாள் அதே பேச்சாக இருந்தாள். சின்னப் பிள்ளைகள்கூட அதைவிட ஒழுங்காக இறக்குவார்கள் என்றாள். அவளுக்கு அது தொழில்.

தொழில் என்றால் ஆசைப்பட்டுத் தேடிப் போனது இல்லை. அந்தக் கேம்ப் கம்பெனியில் அவள் முதலில் டெலிபோன் எடுக்கத்தான் சேர்ந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ராமநகரம், சாவனதுர்கா என்று பாறைகளுக்கு அழைத்துப்போய் கூடாரம் போடவும் மலையேறவும் கற்றுக்கொடுக்கிற கம்பெனி. பெண் பிள்ளைகள் வந்தால் கூடவே ஒரு லேடி ஸ்டாஃப் வர வேண்டும் என்று பள்ளிக்கூடங்கள் கறாராகச் சொல்லிவிடும். ஒரு சனிக்கிழமை அந்த லேடி ஸ்டாஃபுக்குக் காய்ச்சல். சும்மா கூட இருந்தால் போதும் என்று லீனாவை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். சுடிதாரில் போனவள் முழங்காலில் சிராய்ப்போடும், எரிக் அதுவரை பார்த்திராத ஒரு முகத்தோடும் திரும்பி வந்தாள். அதன் பிறகு அவள் டெலிபோன் எடுக்கவில்லை.

முகேஷும் அந்தச் சமயத்தில் சேர்ந்தவன்தான். சிவாஜிநகர்ப் பையன், அப்போது மீசைகூடச் சரியாக வரவில்லை. பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் ஒருவர் பாறையில் ஏறிக் கயிறு மாட்டிவிட்டு வர வேண்டும், இன்னொருவர் கீழே நின்று அவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். லீனா ஏறினால் முகேஷ் பிடிப்பான், முகேஷ் ஏறினால் லீனா பிடிப்பாள். இருபது வருஷம் இப்படியே போயிற்று. இடையில் எரிக் பீன்யாவில் கியர் செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தான், மகள் வீணாவைப் படிக்க வைத்தான், மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளியே நின்றான். உயரம் அவனுக்கு ஆகாது.

முகேஷ் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். வீணாவுக்கு மொட்டை மாடியில் பட்டம் விடக் கற்றுக்கொடுத்தான். கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கி வந்தான். அக்கா என்று கூப்பிடுகிறவன்மேல் ஒரு புருஷன் பொறாமைப்பட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? தப்பாக ஏதாவது இருந்திருந்தால் வீட்டில் சண்டை போட்டிருக்கலாம், பாஸ்டரிடம் போய் உட்கார்ந்திருக்கலாம். ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் அவனைத் தின்றது.

ஒரே ஒரு தடவை எரிக் ராமநகரத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். வீணா சின்னவளாக இருந்தபோது, அம்மா ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாறையில் தென்னைமர உயரத்தில் லீனா பல்லிபோல ஒட்டிக்கொண்டிருந்தாள். எரிக் தன்னை மறந்து, "கெட்டியாப் புடிச்சுக்கோ!" என்று கத்தினான். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. முகேஷ் சிரிக்கவில்லை. அவன் எதையோ மென்றுகொண்டு, தலையை அண்ணாந்து, கயிற்றை விரல்களால் விட்டும் இழுத்தும் நின்றான். மேலேயிருந்து லீனா, "டேக்!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கயிற்றை இறுக்கு என்று அர்த்தமாம். கொடுத்த கையோடு பாறையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, சோபாவில் சாய்கிறவள் மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்தாள். கீழே பார்க்கவில்லை. முகேஷ் பிடித்திருக்கிறானா என்று பார்க்கவேயில்லை.

எரிக் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னான்.

ஏனென்றால் வீட்டில் அவள் வேறு ஆள். எரிக் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தால் அவள் போய் ஒரு தரம் திருகிப் பார்ப்பாள். எரிக் கதவைப் பூட்டினால் அவள் வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வீணாவின் ஸ்கூல் பையை அவன் கட்டி வைத்தால் பிரித்து எண்ணுவாள். "நான்தான் மூடிட்டேனே" என்று அவன் சொன்னால், "தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பார்ப்பாள். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்க்கிறவனை இன்ஸ்பெக்‌ஷன் செய்கிற வீடு. அவன் மூடிய கேஸை நம்பாதவள், எவனோ பிடித்த கயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

உள்ளே கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிக்குக் கீழே லீனா கல்யாணப் பட்டுப்புடவையில் படுத்திருந்தாள். புடவை அவளுக்கு இப்போது மிகவும் பெரிதாக இருந்தது. தலைமாட்டில் அவள் அக்கா ஸ்டெல்லா, கையில் மடித்த கைக்குட்டையோடு, வருகிறவர்கள் எல்லாரிடமும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஏதாவது பேசினாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். ஸ்டெல்லா எரிக்கைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பேசல," என்றான் எரிக்.

பேசினாள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் அது. எரிக் அவள் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்து, "மோட்டார் ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி மோட்டார். பண்ணிவிட்டேன் என்றான். அவள் வீணாவின் பக்கம் கண்ணைத் திருப்பி, "போய்ப் பாத்துட்டு வா," என்றாள். வீணா போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆஃப்தான்மா என்றாள். லீனா கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். நேற்று மத்தியானம் மூச்சு நின்றது.

சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் எரிக். முகேஷ் அப்போது எங்கோ பிள்ளைகளுக்குக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தான். நேற்று முழுக்க இதை நினைத்து எரிக்குக்கு ஒரு தெம்பு இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அவனை நம்பிக் கயிறு, என்னை நம்பாமல் மோட்டார். இதுதான் பங்கு.

வெளியே வந்தபோது ஒயிட்ஃபீல்ட் பக்கத்திலிருந்து கார்கள் வந்திருந்தன. கேம்ப்புக்குப் போய்வந்த பிள்ளைகளின் பெற்றோர்கள். வெள்ளைச் சுடிதார் போட்ட ஓர் அம்மாள் நேராக முகேஷிடம் போய் அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப ஸாரி சார். உங்க மிஸ்ஸஸாலதான் என் பொண்ணுக்குப் பயமே போச்சு. நீங்க தைரியமா இருக்கணும்."

முகேஷ் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். "மேடம், நான் இல்ல. அவங்க ஹஸ்பெண்ட் அவரு," என்று எரிக்கைக் காட்டினான்.

அந்த அம்மாள் எரிக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஓ, நீங்களும் கேம்ப்லதான் இருக்கீங்களா சார்?" என்றாள்.

"இல்ல," என்றான் எரிக்.

அவள் தலையை ஆட்டிவிட்டு நாற்காலி தேடிப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முகேஷின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து இமை தடித்திருந்தது. அவன் தோளில் சாய்ந்து வீணா விசும்பிக்கொண்டிருந்தாள். எரிக் நேற்றிலிருந்து ஷாமியானா, பாஸ்டர், பெட்டி என்று அலைந்ததில் முகம் கழுவியதோடு சரி. யார் வந்து பார்த்தாலும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் முகேஷ்தான் என்று சொல்வார்கள்.

"வீணா," என்றான். "உள்ள போய் பெரியம்மாகூட உக்காரு."

"இருக்கேம்ப்பா."

"போன்னு சொல்றேன்ல."

வீணா அவனை விசித்திரமாகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். முகேஷ் ஜீப்பின் பக்கம் நகர்ந்துகொண்டான்.

ஜெபம் முடிந்து, பெட்டியை மூடி, வேனில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. குழி வெட்டும் சின்னப்பா, தோண்டிப் போட்ட செம்மண்மேல் உட்கார்ந்து பீடியை அணைத்தான். குழிக்குக் குறுக்கே இரண்டு பலகைகள் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். எரிக்கின் பெரியப்பா மகன்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். சின்னவன் வரும் வழியிலேயே எங்கோ இறங்கி ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வாயைத் திறந்தால் சாராய வாடை அடித்தது.

சின்னப்பா கொண்டுவந்து போட்ட நைலான் கயிறுகளை எரிக் கையில் எடுத்துப் பார்த்தான். ஒன்று நடுவில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. இன்னொன்று பிசிறு பிசிறாக மயிர்விட்டிருந்தது. பல் தேய்ந்த கியரை விரலால் தடவியே ஒதுக்குகிறவன் அவன். தொழிற்சாலையில் இதை ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டான்.

"வேற கயிறு இல்லையா?"

"இதுலதான் சார் எல்லாரையும் எறக்குறோம்," என்றான் சின்னப்பா. "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல."

ஸ்டெல்லா அருகில் வந்து எரிக்கின் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. "எரிக், எங்கப்பாவுக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஆச்சுன்னா நான் உன்ன மன்னிக்கவே மாட்டேன். சொல்லிட்டேன்."

எரிக் கயிற்றைக் கீழே போட்டான். கூட்டத்தைத் தாண்டி வாசல்வரை நடக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரமும் எல்லாரும் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. கயிறுகள் ஏற்கெனவே கீழே இறக்கப்பட்டு, சுருள் சுருளாகச் சாக்கின்மேல் இருந்தன. அவன் வருவான் என்று முகேஷுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"கயிறு வேணும்," என்றான் எரிக்.

"வரேண்ணா."

"நானும் புடிப்பேன்."

முகேஷ் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "க்ளவுஸ் தரட்டா?"

"வேணாம்."

கேம்ப் ஆட்கள் நான்கு பேர் கூட வந்தார்கள். சத்தமில்லாமல் வேலை நடந்தது. பெட்டிக்கு அடியில் மூன்று இடத்தில் கயிறுகள் போயின. ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தலைமாட்டுக் கயிற்றின் ஒரு முனையை எரிக்கிடம் கொடுத்துவிட்டு மறுமுனையை முகேஷ் எடுத்துக்கொண்டான். பிறகு அந்த முனையையும் கையோடு இழுத்துக்கொண்டு குழியைச் சுற்றி எரிக்கிடமே வந்து குந்தி, கயிற்றை அவன் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வலது கையில் வைத்தான்.

"இந்தக் கைல கயிறு நழுவலாம்ணா. கையத் தொறக்க மட்டும் கூடாது. இடது கை சும்மா வழி காட்டினா போதும்."

சொல்லிக்கொண்டே கயிற்றின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டான். சின்னக் குழந்தையின் முஷ்டி அளவுக்கு இருந்தது.

"இது எதுக்கு?"

"முனைல முடிச்சு இல்லாத கயித்த நாங்க தொட மாட்டோம். கை வழுக்கினாகூட முழுசா ஓடிப் போயிடாது, இதுல வந்து நின்னுடும்." தன் முனையிலும் போட்டிருந்ததைத் தூக்கிக் காட்டினான். பிறகு கயிற்றைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னான். "என் முடிச்ச இழுத்துப் பாக்காம லீனாக்கா ஒரு நாளும் ஏறினதில்லண்ணா. இருபது வருஷம். ஒரு நாள் கோவம் வந்து கேட்டுட்டேன், இன்னாக்கா, இன்னும் என்மேல நம்பிக்கை வரலையான்னு. நம்பாதவன் முடிச்ச நான் எதுக்குடா பாக்கப் போறேன், அவன் கயித்துப் பக்கமே போக மாட்டனேன்னாங்க."

கேஸ், பூட்டு, ஸ்கூல் பை, மோட்டார் எல்லாம் எரிக்கின் முன்னால் வரிசையாக வந்து நின்றன. போய்ப் பாத்துட்டு வா என்று வீணாவை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட முகம் வந்து நின்றது. அடுத்த நிமிஷமே பழைய எரிச்சல் தலையைத் தூக்கியது. இதை அவனிடம் சொல்ல அவளுக்கு எத்தனை ராத்திரிகள் இருந்தன! ஒரே கட்டிலில் படுத்திருந்தவனுக்குச் சொல்லாமல், பாறையடியில் நின்றவனுக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது இவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கையை நீட்டி, முகேஷ் பிடித்திருந்த முனையின் முடிச்சைப் பற்றி ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தான். தேவைக்கு மேலான இழுப்பு. முடிச்சு கல்லாக இறுகியது.

"சரியா இருக்காண்ணா?"

"இருக்கு."

முகேஷ் எதிர்ப்பக்கம் போய் நின்றான். பாஸ்டர் வேதத்தைத் திறந்தார். பலகைகளை உருவினார்கள். பெட்டியின் பாரம் எரிக்கின் இடுப்பில் வந்து விழுந்தது.

கடைசி வாரங்களில் அவளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். அவள் எடை அவனுக்குத் தெரியும். நாளுக்கு நாள் குறைந்ததும் தெரியும். இது பெட்டியின் எடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"மெதுவா," என்றான் முகேஷ். "இன்னும். இன்னும். மெதுவா."

கயிறு எரிக்கின் உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு போயிற்று. அவன் பக்கம் கொஞ்சம் வேகமானால், சொல்லாமலே அந்தப் பக்கம் நின்றது. அவன் தயங்கினால் அந்தப் பக்கம் காத்திருந்தது. முகேஷ் அவனைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கயிற்றின் வழியாக அவன் இருப்பது எரிக்குக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. தோளில் கைபோட்டு நிற்பதைவிட நெருக்கமாக இருந்தது. ஓ, இதுதானா என்று நினைத்தான். இருபது வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்களா? தெரியாமல் பட்ட பொறாமை எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. தெரிந்த பிறகு அது நெஞ்சைப் பிசைந்தது.

பெட்டி அடிமண்ணைத் தொட்டது. ஒரு மூலையும் சாயவில்லை. ஸ்டெல்லா, "ஸ்தோத்திரம்," என்று மூச்சுவிட்டாள்.

கால்மாட்டிலும் நடுவிலும் நின்றவர்கள் ஒரு பக்க முனையைப் போட, எதிரில் நின்றவர்கள் கயிற்றை உருவிக்கொண்டார்கள். தலைமாட்டுக் கயிறு மட்டும் நின்றது. ஒருவர் விட்டால்தான் மற்றவர் உருவ முடியும். எரிக் விடவில்லை. முகேஷும் விடவில்லை. அவளுக்கு அடியில் போகிற ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் இரண்டு பேரும் நின்றார்கள்.

பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீங்க விடுங்கண்ணா," என்றான் முகேஷ் மெல்ல. "நான் உருவிக்கிறேன்."

"நீ விடு."

முகேஷின் பிடி இறுகியது கயிற்றின் வழியாக எரிக்கின் விரலில் தெரிந்தது.

"விடுன்னு சொல்றேன்ல," என்றான் எரிக். "அவ என் பொண்டாட்டி."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் குழியைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது. வீணாவுக்கும் கேட்டது. முகேஷ் தலையைக் குனிந்துகொண்டு கையைத் திறந்தான். அவன் பக்கத்துக் கயிறு குழிக்குள் சரிந்து விழுந்தது.

எரிக் இழுத்தான். ஒரு முழம், இரண்டு முழம் சுலபமாக வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் இருந்தது. பிறகு கயிறு நின்றது. இன்னும் இழுத்தான். வரவில்லை. முழுப் பலத்தையும் போட்டு இழுத்தான்.

"ஐயோ, கோணுது!" என்று ஸ்டெல்லா அலறினாள்.

பெட்டியின் தலைப்பக்க மூலை மண்ணைவிட்டு எழும்பியிருந்தது. எரிக் அப்படியே உறைந்தான். பிறகு விரல் விரலாகக் கயிற்றைத் தளர்த்தினான். மூலை மறுபடி கீழே போய் உட்கார்ந்தது. உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை.

முகேஷ் குழியின் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். பார்த்ததும் கை தலைக்குப் போயிற்று.

"முடிச்சுண்ணா," என்றான். "அவுக்காம விட்டுட்டேன். கயித்த உருவறதுக்கு முன்னாடி முடிச்ச அவுக்கணும். பசங்களுக்கு மொத நாளே சொல்லித் தர்றது. ஒரு தடவகூட இப்படி..."

மற்ற இரண்டு கயிறுகளைப் போட்டவர்கள் தங்கள் முனை முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் போட்டிருந்தார்கள். இந்த ஒரு முனையை யாரும் கவனிக்கவில்லை. எரிக் குனிந்து பெட்டியின் மூடியைப் பார்த்தான். அதன்மேல் வைத்திருந்த சின்ன மாலை சற்றே நகர்ந்திருந்தது.

"நானும் பாக்கல," என்றான்.

முகேஷ் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"நான் எறங்கி எடுத்துத் தரட்டா சார்?" என்று சின்னப்பா முன்னால் வந்தான். "நல்ல கயிறு. மண்ணுல போறது பாவம்."

எரிக் முகேஷைப் பார்த்துக் கேட்டான். "இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்று முகேஷ் தலையை அசைத்தான்.

கையிலிருந்த மிச்சக் கயிற்றைத் தூக்கி உள்ளே எறிந்தால் வேலை முடிந்தது. பெரியப்பா மகன்கள் மண்வெட்டிகளை எடுத்துவிட்டார்கள். எரிக் எறியவில்லை. கயிற்றை மறுபடி முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தான். வலது கையை மூடிக்கொண்டான். கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். கயிற்றில் பாரம் ஏதும் இல்லை. இருந்தும் கால்களை அகட்டி ஊன்றி, இடது கையால் வழி காட்டி, ஒரு பிடி விட்டு நிறுத்தி, ஒரு பிடி விட்டு நிறுத்தி இறக்கினான். கயிறு பெட்டியின் தலைமாட்டில் வளையம் வளையமாகச் சேர்ந்தது.

"மெதுவாண்ணா," என்றான் முகேஷ் எதிர்ப்பக்கத்திலிருந்து.

எரிக் இன்னும் மெதுவாக விட்டான். பாஸ்டர் எடுத்த மண் அவர் விரலிடுக்கு வழியாக உதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் எரிக்கின் பக்கத்து முடிச்சு அவன் உள்ளங்கைக்குள் வந்து முட்டி நின்றது. அதற்கு மேல் போகவில்லை. சின்னப்பா கையிலெடுத்த மண்வெட்டியை மண்ணில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.